மேய்ப்பர் ஆட்டின் காலை ஒடிப்பாரா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. தோளில் ஆட்டுக்குட்டியுடன் மேய்ப்பர். கீழே, "ஓடிப்போகும் குட்டியின் காலை மேய்ப்பரே ஒடித்து, ஆறும்வரை சுமப்பார். வேதாகமம் சொல்கிறது" என்ற வரி.

வேதாகமத்தில் அப்படி ஒரு வசனமே இல்லை.

லூக்கா 15-இல் நூறு ஆடுகளில் ஒன்று காணாமல் போகிறது. கண்டுபிடித்த மேய்ப்பன் "சந்தோஷத்தோடே" அதைத் தோளில் போட்டுக்கொள்கிறான். அவ்வளவுதான், அடி இல்லை, ஒடிப்பும் இல்லை. 23-ஆம் சங்கீதத்திலும் மேய்ப்பரின் கோலும் தடியும் தேற்றுகின்றன.

எசேக்கியேல் 34 இன்னும் தெளிவு. எலும்பு முறிந்தவைகளுக்குக் காயங்கட்டாமல், கடூரமாய் ஆண்ட மேய்ப்பர்களைக் கர்த்தர் அங்கே கடிந்துகொள்கிறார். "எலும்பு முறிந்ததைக் காயங்கட்டுவேன்" என்று 16-ஆம் வசனத்தில் தாமே வாக்களிக்கிறார். முறிந்த காலைக் கட்டுகிறவரையே ஒடிக்கிறவராக அந்தப் படம் காட்டுகிறது.

சிலர் சங்கீதம் 51:8-ஐக் காட்டுவார்கள்: "நீர் நொறுக்கின எலும்புகள்." சரி, ஆனால் அது தாவீது தன் பாவத்துக்காக அழுது பாடியது, ஆடும் இல்லை, மேய்ப்பனும் இல்லை.

நடைமுறையிலும் பொருந்தாது. மேய்ச்சல் தேடி தினமும் நடக்கும் மந்தையில் கால் ஒடிந்த ஆடு பெரும் சுமை. வயல்களில் ஆட்டுக்கிடை போடுகிற எந்தக் கீதாரியிடமும் (மந்தை மேய்ப்பவரிடம்) கேட்டுப் பாருங்கள்.

பிள்ளையை இழந்த ஒரு அக்காவுக்கு ஆறுதலாக இந்தப் படத்தை அனுப்பியிருந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன். தயவுசெய்து இதைப் பகிராதீர்கள்.