சொன்னதையே திரும்பச் சொல்லும் வேலை

மூன்று நாட்களாக அந்தக் காணொளியை எனக்கு அனுப்பாதவர்கள் இல்லை. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பிப்பது என்றால் குழந்தைகளோடு விளையாடிவிட்டுச் சம்பளம் வாங்குவது என்றும், ஏஎல்டி எனப்படும் துணை ஆசிரியர் வகுப்பில் டேப் ரெக்கார்டர் போல நின்று சொன்னதையே சொல்பவர் என்றும் அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். சொன்னதைவிடச் சிரித்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. பத்து நாள் சுற்றுலா வந்தவர் எந்த வகுப்பறையில் ஒரு பீரியடாவது உட்கார்ந்து பார்த்தார்?

நான் 2014 ஏப்ரல் முதல் சைத்தாமா மாகாணத்தில் தொடக்கப்பள்ளிகளில் இந்த வேலையைச் செய்கிறேன். இது வேலை. காலையில் செருப்பு அடுக்கில் வெளிக் காலணியை வைத்துவிட்டு உள்காலணிக்கு மாறும் நிமிடத்திலிருந்து, மாலையில் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தலை வணங்கி விடைபெறும் வரை, இது வேலை. 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் மதிப்பீடு உள்ள முழுப் பாடமாகிவிட்டது. ஆண்டுக்கு 70 பீரியட், ஒவ்வொன்றும் 45 நிமிடம். வகுப்பாசிரியர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். கணக்கும் அறிவியலும் நீச்சலும் சொல்லிக் கொடுக்கும் அதே மனிதரின் தலையில் இதையும் ஏற்றினார்கள். அவருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் நாங்கள்.

சொன்னதையே சொல்வது பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய மொழியில் பெரும்பாலும் ஒவ்வொரு மெய்யும் ஓர் உயிரோடு சேர்ந்தே வரும். ஆங்கிலத்தில் ஒரே அசையான ‘ஸ்ட்ரைக்’ அங்கே ‘சு-தொ-ரா-இ-கு’ என்று ஐந்து துண்டாகிவிடும், ‘மில்க்’ என்பது ‘மிருகு’ ஆகும். போன ஆண்டு மதிய உணவு நேரத்தில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தட்டிலிருந்த 200 மில்லி பால் பெட்டியைத் தூக்கிக் காட்டி ‘மிருகு’ என்றான். அவன் உள்ளங்கையை அவன் வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன். கடைசி எழுத்தில் குரலைச் சேர்க்காமல் மூச்சை மட்டும் விடச் சொல்லி நானும் செய்து காட்டினேன். எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ காற்று கையில் பட்டதும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பக்கத்து மேசைப் பெண்ணின் கையை இழுத்து அதிலும் ஊதிக் காட்டினான். அந்த ஒன்பது முறையும் டேப் ரெக்கார்டர் செய்திருக்குமா?

‘உங்களுக்கே ஆங்கிலம் தாய்மொழி இல்லையே’ என்று பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருந்தார். பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாளில் ஒரு தாயும் இதையே, என் காதில் விழும்படி, வகுப்பாசிரியரிடம் கேட்டார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸு, புக்கு, மில்க்கு என்று கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டிப் பேசும் வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த உகரம் நாக்கில் எங்கே ஒட்டிக்கொள்கிறது, அதை எப்படிக் கழற்றுவது என்பதை என் வாயிலேயே பழகிக் கற்றிருக்கிறேன். பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுபவருக்கு இந்தச் சிக்கல் கண்ணில் படுவதே அரிது. இதைக் குறை என்பவர்களுக்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

ஊர் சுற்ற வந்து, வகுப்பை ஒப்புக்கு நடத்திவிட்டுப் போகிறவர்களும் எங்களில் உண்டு. மறுக்கவில்லை. எந்தத் தொழிலில் இல்லை?

அடுத்தது சம்பளம். காணொளியில் அவர் விவரித்தது, வெளிநாட்டவரை அரசே அழைத்துத் துணை ஆசிரியராக்கும், 1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்தின் சம்பளத்தை. என்னைப் போன்ற பலர் அந்தத் திட்டத்தில் வந்தவர்கள் அல்லர். இடையில் ஒரு நிறுவனம் இருக்கிறது, நகராட்சி அதனிடம் பணி ஒப்பந்தம் போடுகிறது, அது எங்களை அனுப்புகிறது. என் முதல் ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 29.5 மணி நேரம் என்று இருந்தது. அந்த நாளில் 30ஐத் தொட்டால் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் நிறுவனம் பங்கு கட்ட வேண்டியிருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஆகஸ்டில் பள்ளி இல்லை என்று சம்பளத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள், வீட்டு வாடகையை யாரும் பிடிக்கவில்லை. இரண்டாம் ஆண்டு ஜூனில், முந்தைய ஆண்டு வருமானத்துக்கான குடியிருப்பு வரிச் சீட்டு தபாலில் வந்தபோது சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு மார்ச்சிலும், ஏப்ரலில் வேலை உண்டா என்று காத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் அவர் தெரிந்துகொள்ளட்டும். இந்த வகை ஒப்பந்தத்தில் வகுப்பாசிரியர் எனக்கு நேரடியாகப் பணி உத்தரவு கொடுத்தால் அது போலி ஒப்பந்தப்பணி என்னும் சட்டமீறல் ஆகிவிடும். ஒரே கரும்பலகை முன்னால் நிற்கும் இரண்டு பேர், பாடத்தை இப்படி மாற்றலாமா என்று மனம்விட்டுப் பேசிக்கொள்ளத் தயங்க வேண்டியிருக்கிறது. ஆகவே பாதுகாப்பாக, ‘படியுங்கள், பிள்ளைகள் திரும்பச் சொல்லட்டும்’ என்பதோடு சில வகுப்புகள் முடிந்துவிடுகின்றன. எங்களை டேப் ரெக்கார்டர் ஆக்குவது இந்த ஏற்பாடு. சிரிக்கிறவருக்கு இது தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

‘அவ்வளவு கஷ்டம் என்றால் ஊருக்கு வந்துவிடு’ என்று எழுதப்போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் கஷ்டம் என்று சொல்லவில்லை. வேலை என்று சொல்கிறேன்.

என் அப்பா முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர். அதே அகரம், அதே ஆகாரம், பிள்ளைகளின் விரலைப் பிடித்து அதே சுழி. பெயர் தெரியாதவர்கள்கூட அவரை ‘சார்’ என்றே கூப்பிட்டார்கள். சொன்னதையே சொல்கிறார் என்று யாரும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. அவருக்கும் சித்தப்பா அந்தக் காணொளியை அனுப்பியிருக்கிறார். நேற்று இரவு அழைத்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வைக்கும்போது, ‘நாளைக்கு எத்தனை பீரியட்மா?’ என்று மட்டும் கேட்டார். ஐந்து என்றேன். ‘தொண்டையைப் பார்த்துக்கொள், வெந்நீர் குடி’ என்றார்.