கேஸ் வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாதீர்கள்

நிலநடுக்கத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று ஒரு கட்டுரை படித்தேன்; அதிர்வு நின்றதும் மெயின் சுவிட்சையும் கேஸையும் அணைக்கச் சொல்கிறது. ஆனால் கேஸ் வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது. அணைக்கும்போதும் பொறி பறக்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து நிற்கும். பிறகு டியூபில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

சுவர் விரிசலை எல்லாம் அந்தக் கட்டுரை ஒரே மாதிரியாகச் சொல்லியிருப்பதுதான் எனக்குக் கவலை. சுவரின் மேற்பூச்சில் மயிரிழையாக ஓடுவது பெரும்பாலும் ஆபத்தில்லை. ஜன்னல்களுக்கு நடுவே பெருக்கல் குறிபோல வெடித்திருந்தாலோ, பில்லரில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தாலோ, நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று சிக்கினாலோ, பொறியாளர் பார்க்கும்வரை உள்ளே படுக்காதீர்கள். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25-ல் 7.8 அளவு நிலநடுக்கம், பதினேழாம் நாள், மே 12-ல், மறுபடியும் 7.3 அளவில் ஒன்று. முதல் அதிர்வில் தளர்ந்து நின்ற வீடுகள் அதில் சரிந்தன.

இன்னொன்று: தலைமாட்டில் டார்ச், கட்டிலடியில் செருப்பு. இருட்டில் கண்ணாடிச் சில்லு காலைக் கிழித்தால் ஓட முடியாது.