ஊர்காவற்றுறைக்கு ஒரு கோட்டை மட்டும்தானா?

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில இருக்கிற ஊர்காவற்றுறை எண்டு யூடியூப்பில அடிச்சுப் பாருங்கோ, வாறது முழுக்க கடல் நடுவில நிக்கிற அந்த ஹம்மன்ஹீல் கோட்டைதான். போர்த்துக்கீசன் கட்டினான், 1658ல ஒல்லாந்தன் பிடிச்சான், 1971ல அரசாங்கத்துக்கு எதிரா நடந்த கிளர்ச்சிக்குப் பிறகு அதைச் செய்த ஜேவிபி கட்சிப் பொடியளை அடைச்சு வச்சிருந்தினம், இப்ப நேவி ஹொட்டலா நடத்துது. கதை முடிஞ்சுது. கரையில இருந்த சனம் எங்க? எனக்கு இதைப் பாக்கப் பாக்க வயிறெரியுது.

கோட்டைக்குப் பல நூறு வருஷம் முந்தியே அது துறைமுகம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில ஒரு கல்வெட்டு இருக்கு, 12ஆம் நூற்றாண்டு, பொலன்னறுவையில இருந்த முதலாம் பராக்கிரமபாகு தமிழில வெட்டுவிச்சது, தமிழில எண்டதை வடிவாக் கவனியுங்கோ, துறைமுகத்தில புழங்கினது தமிழ் எண்டதாலதான் எண்டு நான் நம்புறன். ஊராத்துறை எண்டு ஊர்காவற்றுறையின்ர பழைய பேரைச் சொல்லி, வெளியில இருந்து வாற வியாபாரியள் இங்க வந்து இருக்கவேணும், அவைக்குப் பாதுகாப்புக் குடுக்கவேணும் எண்டு சொல்லுது. கப்பல் உடைஞ்சா என்ன செய்யிற எண்டும் இருக்கு. ஆனை குதிரை கொண்டந்த மரக்கலம் எண்டா கால் பங்கு அரசுக்கு, முக்கால் சொந்தக்காரனுக்கு. மற்ற வியாபாரக் கப்பல் எண்டா பாதிக்குப் பாதி. இவ்வளவு நுணுக்கமாச் சட்டம் போடவேண்டி இருந்திருக்கு எண்டா அந்தத் துறையில எவ்வளவு கப்பல் வந்து போயிருக்கும்!

பிறகு ஒல்லாந்தன் காலத்தில வன்னியில பிடிச்ச ஆனையளை ஆனையிறவால நடத்திக் கொண்டந்து இங்கதான் கப்பலேத்தினவை, வங்காளம் கோல்கொண்டா வியாபாரியள் வாங்கிக்கொண்டு போனவை. முழக்கணக்கில ஆனையின்ர உயரத்தை அளந்து விலை போட்டவங்கள். அதைக் கப்பலில ஏத்தினவன்ர பேரை எழுத அவங்களுக்கு ஒரு தேவையும் இருக்கேல்லை, ஆனா எங்களுக்கு இருக்கு.

பாய்க்கப்பல் காலம் இன்னும் கிட்ட. தோணியோட்டின தண்டையல்மாற்ற பேரப்பிள்ளையள் இண்டைக்கும் இருக்கினம். சுதந்திரத்துக்குப் பிறகு பாஸ்போட் கஸ்ரம்ஸ் இறுகினதும், லொறியில சாமான் போகத் தொடங்கினதும், அந்த ஓட்டம் படுத்திட்டுது. 90-91ல தீவுப்பகுதியை ஆமி பிடிக்க சனம் உடுத்த உடுப்போட வெளிக்கிட்டுது, கன பேர் திரும்பவே இல்லை. காரைநகருக்குப் பாதை, அதான் ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திற மிதவைப் படகு, இப்பவும் ஓடுது. ஆனா கரையில பாதி வீடு கூரை இல்லாமல் கிடக்கு.

ரொறொன்ரோவிலயும் லண்டனிலயும் பாரிஸிலயும் இருக்கிற ஊர்ச் சங்கக்காரரிட்டத்தான் நான் கேக்கிறன். கோயில் திருவிழாவுக்குச் சேர்க்கிற காசில ஒரு துண்டை ஒதுக்குங்கோ. எண்பது தொண்ணூறு வயசில இருக்கிற கிழடுகளிட்டப் போய், அவையின்ர தேப்பன் ஓட்டின தோணியின்ர பேர் என்ன, எந்தத் துறைக்குப் போனது, என்ன ஏத்தினது, எந்தக் காத்துக்குப் பாய் விரிச்சது எண்டு கேட்டுப் பதிவு செய்யுங்கோ. பழைய உறுதிப்பத்திரம், போட்டோ, கஸ்ரம்ஸ் துண்டு எது கிடைச்சாலும் ஸ்கான் பண்ணி, ஈழத்து எழுத்துக்களையும் ஆவணங்களையும் இணையத்தில சேர்த்து வைக்கிற நூலகம் தளத்துக்குக் குடுங்கோ. வாற திருவிழா மட்டும் இழுக்காதேங்கோ, இந்தக் குளிருக்குள்ளயே துவங்குங்கோ.