பெஞ்சுக்கு நடுவில் கம்பி

நாளெல்லாம் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு ராத்திரியில் ஒரு மனுசக் குரல் வேண்டாமா? சிங்கப்பூரில் என் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இறங்கினால் பெஞ்சுக்கு நடுவில் இரும்புக் கம்பி. எவரும் படுத்துவிடக் கூடாதாம்! அங்கே ஓரமாக அட்டை விரித்துத் தூங்கும் பெரியவர்தான் எனக்குப் பேச்சுத்துணை. பகலில் துப்புரவு வேலைக்குப் போகிறார், பாவம். நம் புளோக் வாட்ஸ்அப் குழுவிலோ, "சோம்பேறி, நகர மன்றத்துக்குப் போன் போடுங்க" என்கிறார்கள். சோம்பேறியா? லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளி 2019இல் வெளியிட்ட ஆய்வில், தீவு முழுக்கத் தெருவில் உறங்கியவர்கள் ஏறக்குறைய 1,000 பேர். பேட்டி கொடுத்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் வேலை பார்க்கிறவர்கள். நானும்தான் அதே இடத்தில் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்திருக்கிறேன். என்னை ஒருத்தரும் போட்டுக்கொடுப்பதில்லை, மடியில் லேப்டாப் இருக்கிறதே!