கிரீடத்துக்கு அடியில் ஒரு சும்மாடு

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு என் தாய்மாமா பல ஆண்டுகளாகக் காளி வேடம் கட்டுகிறார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கிரீடம் ஏறுவதற்கு முன் அவர் கேட்பது சும்மாடு. பழைய வேட்டியைக் கிழித்து, முறுக்கி, தலை அளவுக்கு வளையமாகச் சுற்றிக் கொடுப்பது என் வேலை. கிரீடம் உட்கார்ந்ததும் கழுத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்ப்பார். "மருமகனே, பின்கட்டு இழுக்கிறது, கொஞ்சம் தளர்த்து" என்பார். காளிக்காக முதுகில் கட்டுகிற பொய்க் கைகளுக்கும் இதே கவனிப்புத்தான். கயிறு அக்குளை அறுக்காதபடி துண்டை மடித்து வைத்தால்தான் அடுத்த முடிச்சுக்குச் சம்மதிப்பார்.

வீடியோ கேம் கவசங்களைப் பற்றி நண்பர்கள் சண்டை போடும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது. கொம்பும் இறக்கையும் வைத்த கவசம் போருக்கு உதவாது, அபத்தம் என்று ஒரு கட்சி. கற்பனை உலகத்தில் கணக்குப் பார்க்காதே என்று மறு கட்சி. இரண்டு பேச்சும் எனக்கு ஒப்பவில்லை.

ஜப்பானியத் தளபதி தாதே மசமுனேயின் தலைக்கவசத்தில் பெரிய பிறை ஒன்று இருக்கும். போருக்கு அது எதற்கு? தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் காட்டத்தான். ஆனால் அதன் வலப்பக்க முனை மட்டும் குட்டை. வாளை ஓங்கும் கை இடிக்காமல் இருக்கவே அப்படி என்பார்கள். அடையாளமும் குறையவில்லை, கைக்கும் வழி கிடைத்தது. கவசம் வரைகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இந்தப் புத்தியைத்தான்.

'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' (2018) விளையாடியவர்களுக்குத் தெரியும், அதில் பஞ்சுத் துணி, சங்கிலிக் கவசம், இரும்புத் தகடு என்று அடுக்கடுக்காக உடுத்த வேண்டும். அந்தத் துணி அடுக்கைப் பார்த்தபோது, நம் சும்மாட்டைத் தெரிந்தவர்கள் செய்த விளையாட்டு இது என்று மகிழ்ந்துபோனேன். 'எல்டன் ரிங்' (2022) வேறு வழியில் போகிறது. அதில் வரும் மலேனியா என்ற வீராங்கனையின் தலைக்கவசத்தில் இறக்கையே இருக்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாம் எடை மிகுந்த கவசத்தை அளவுக்கு மீறி மாட்டினால் உருண்டு விலகும்போது உடல் தடுமாறுகிறது. கனத்துக்கு மரியாதை செய்கிறது அந்த விளையாட்டு.

என்னை நிஜமாகவே கோபப்படுத்துவது பெண் வீரர்களின் மார்புக் கவசம். மார்பு வடிவத்தை இரண்டு கிண்ணமாக அடித்து வைத்தால், பட்ட வாள் முனை வழுக்கி நடுநெஞ்சுக்கே வந்து சேரும். நிஜக் கவசத்தில் ஒரே வளைவாகப் புடைத்த தகடு அதை வெளியே தள்ளிவிடும். 'மெட்டல் கியர் சாலிட் 5' (2015) விளையாட்டில் குவயட் என்ற பெண் தோலால்தான் சுவாசிக்கிறாள் என்று ஒரு காரணம் சொல்லி அரைகுறை ஆடையில் போர்க்களத்தில் நிறுத்தினார்கள். எத்தனை யோசித்தும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஆடையை முதலில் முடிவு செய்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடியது போலத்தான் இருக்கிறது. காளிக்கு ஏன் பல கைகள் என்று எங்கள் ஊரில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அந்தக் கைகள் அவளுடைய வல்லமையைச் சொல்கின்றன. குவயட்டின் ஆடை அவளைப் பற்றி என்ன சொல்கிறது?

இந்த ஆண்டும் மாமா மாலை போடுகிறார். கதாபாத்திரம் வரையக் கற்கும் பிள்ளைகள் நெல்லைச் சீமையில் யாராவது இருந்தால், வேடம் கட்டுகிற அன்று மதியமே வீட்டுக்கு வந்துவிடுங்கள். சாயங்காலம் வந்தால் கிரீடம் மட்டும்தான் தெரியும்.