மூளை ஆபரேஷன் டாக்டருங்க பத்தி சுத்துற அந்த மெசேஜ் பொய்

பினாங்கு குடும்ப குரூப்புல எல்லாம் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் சுத்துது, மலேசியால மூளை ஆபரேஷன் ஸ்பெஷலிஸ்ட் ஆக படிப்பே கிடையாதாம், எல்லாரும் லண்டன் போய்தான் படிக்கணுமாம், ஜிஎச்ல, அதாவது அரசாங்க ஆஸ்பத்திரில, கத்துக்குட்டிங்கதான் தலைய திறக்குறாங்களாம். சுத்தப் பொய்ங்க.

ஆரம்ப காலத்துல சீனியர் டாக்டருங்க வெளிநாட்டுலதான் பயிற்சி எடுத்தாங்க, அது வாஸ்தவம்தான். ஆனா 2001லயே யுஎஸ்எம்ல, அதாவது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துல, நியூரோசர்ஜரிக்குன்னு (மூளை ஆபரேஷன் படிப்புக்குன்னு) தனி மாஸ்டர்ஸ் ஆரம்பிச்சாச்சு. யுஎஸ்எம்னா நம்ம பினாங்கு மிண்டன் கேம்பஸ்தானேன்னு கேக்காதீங்க, அவங்க மெடிக்கல் ஸ்கூல் இருக்குறது கிளந்தான்ல, குபாங் கெரியான்ல.

அப்புறம் கத்துக்குட்டி விஷயம். எம்பிபிஎஸ் அஞ்சு வருஷம், ஹவுஸ்மேன்ஷிப், அதாவது ஆஸ்பத்திரில பயிற்சி டாக்டரா வேலை, ரெண்டு வருஷம், அதுக்கப்புறம் மெடிக்கல் ஆபீசரா டியூட்டி பாத்து, மாஸ்டர்ஸுக்கு சீட் கெடச்சா அதுல குறைஞ்சது நாலு வருஷம், அதுலயும் பாதி ராத்திரி மோட்டார் ஆக்சிடென்ட்ல தலையில அடிபட்டு வர்ற கேஸுங்களோடதான் போகும், நடுவுல பரீட்சை வேற. ட்ரெய்னி கத்தி பிடிக்கிறது உண்மைதான், ஆனா ஸ்பெஷலிஸ்ட் மேற்பார்வையிலதான், லண்டன்லயும் அப்படித்தான் கத்துக்கிறாங்க லா.

ஆளு பத்தல, க்யூ நீளம்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். படிப்பே இல்லன்னு பரப்பாதீங்க, ஆபரேஷனுக்கு தேதி குடுத்த பெரியவங்க அந்த மெசேஜ படிச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு போகவே மாட்டேங்கிறாங்க.