அவுட்பாக்ஸில் நாலு கடிதம்

(சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகம். ஆடிப்பெருக்கு அன்று மாதிரிகள் அடங்கிய காலண்டர் ஆல்பம் வெளியிட்டாயிற்று. இனி ஆர்டர் பிடிக்கிற காலம். முதலாளி அண்ணாச்சி மேஜைக்குக் கீழே குனிந்து மோடத்தின் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்கிறார். கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற டி.டி.பி. வேலை பார்க்கும் தம்பி டீயோடு உள்ளே வருகிறான்.)

தம்பி: அண்ணாச்சி, மோடத்தை விட்டுவிடுங்கள். உள்ளே டிசைன் பையன் யூடியூபில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறான். நீங்கள் பிடுங்கும்போதெல்லாம் பாடகருக்கு மூச்சு முட்டுகிறது.

அண்ணாச்சி: பாட்டு வருகிறதா? அப்படியென்றால் நெட் இருக்கிறது. பிறகு எதற்குத் தஞ்சாவூர் நகைக்கடைக்காரர் போன் போட்டு, "கொட்டேஷன் வரவே இல்லையே" என்கிறார்? ஆள் பொய் சொல்கிறார் தம்பி.

தம்பி: எப்போது அனுப்பினீர்கள்?

அண்ணாச்சி: செவ்வாய்க்கிழமை. ஐயாயிரம் தினசரி காலண்டர், ஒன்று 46 ரூபாய். என் கையால்தான் 'செண்ட்' அழுத்தினேன். எழுதின பெட்டி மூடிக்கொண்டது. அப்புறம் என்ன, போய்விட்டது.

தம்பி: பெட்டி மூடினால் மெயில் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. வாட்ஸ்அப் என்றால் கடிகாரம் காட்டும், ஒரு டிக் காட்டும், இரண்டு டிக் காட்டும். நாம் மெயில் போடுகிற இந்த அவுட்லுக்குக்கு அந்த நல்ல பழக்கம் கிடையாது. கொஞ்சம் நகருங்கள், பார்க்கிறேன்.

(உட்காருகிறான். திரையைப் பார்த்ததும் சிரிக்கிறான். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் முன்னால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.)

தம்பி: கீழே ஐகான்மேல் சிவப்பு வட்டம், உள்ளே வெள்ளைப் பெருக்கல் குறி. இதைப் பார்க்கவில்லையா?

அண்ணாச்சி: பார்த்தேனே. வைரஸ் வராமல் இருக்க நீதான் ஏதோ போட்டிருக்கிறாய் என்று தொடாமல் விட்டேன்.

தம்பி: சரி, வலது மூலையில் 'வொர்க்கிங் ஆஃப்லைன்' என்று எழுதியிருக்கிறதே, அது?

அண்ணாச்சி: (மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு) எங்கே? அடேயப்பா! இத்தனை முக்கியமான சமாச்சாரத்தை ஆறு பாயின்ட்டிலா போடுவான்? நாம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தை இப்படி அடித்துக் கொடுத்தால் பார்ட்டி வாங்கிக்கொள்வானா?

தம்பி: அதைவிடுங்கள். 'செண்ட் ரிசீவ்' பக்கத்துக்குப் போய் எதையாவது அழுத்தினீர்களா?

அண்ணாச்சி: எதையாவது இல்லை, எல்லாவற்றையும் அழுத்தினேன். செவ்வாய்க்கிழமை காலையில் கரண்ட் போய் நெட்டும் போயிற்று இல்லையா? மெயில் நகரவில்லை. அந்த வரிசையில் இருந்ததையெல்லாம் ஒரு சுற்று அழுத்திப் பார்த்தேன். ஒன்றாவது கேட்காதா!

தம்பி: கேட்டுவிட்டது. நெட் தானாகப் போனால் அவுட்லுக் 'டிஸ்கனெக்டட்' என்று காட்டும், நெட் வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். நீங்கள் அழுத்தியது 'வொர்க் ஆஃப்லைன்', அதாவது நெட் இருந்தாலும் தொடாதே என்கிற உத்தரவு. அதைக் கையால் போட்டால் கையால்தான் எடுக்க வேண்டும்.

அண்ணாச்சி: நேற்று கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேனே!

தம்பி: போட்டாலும் மறக்காது. முதலாளி சொன்ன சொல்லை இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற ஆள் இந்த அச்சகத்தில் இது ஒன்றுதான்.

அண்ணாச்சி: எந்தப் புண்ணியவான் இப்படி ஒரு பொத்தானை வைத்தான்?

தம்பி: உங்கள் காலத்து ஆட்கள்தான். டயல்-அப் ஞாபகம் இருக்கிறதா?

அண்ணாச்சி: ஏன் இல்லை? 1995 ஆகஸ்ட் 15-ல் அரசாங்கக் கம்பெனி வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. நமக்கு அது வந்து சேர இன்னும் சில வருஷம் ஆயிற்று. போன் லைனில் மோடத்தை மாட்டினால் 'கீ... கொர்ர்ர்' என்று கத்தும். நெட் ஓடினால் போன் வராது. உன் அத்தை ஊரிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். டெலிபோன் பில்லைப் பார்த்தால் அதற்கு மேல் வயிற்றெரிச்சல்.

தம்பி: அதனால்தான் லைனைப் போடாமலே நாலு மெயிலை நிதானமாக எழுதி வைப்பார்கள். அப்புறம் லைன் போட்டு, எழுதியதை அனுப்பி, வந்ததை வாங்கிக்கொண்டு கட் பண்ணுவார்கள். பில் குறையும். அதற்கு வந்த வசதி இது. இன்றைக்கும் ரயிலிலும் விமானத்திலும் உதவும். மேஜையை விட்டு எழுந்திருக்காதவர்களுக்குத்தான் இப்படி ஆகிறது.

அண்ணாச்சி: அப்படியானால் என் கொட்டேஷன் எங்கே?

தம்பி: எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நம் மேஜை டிராயரிலேயே பூட்டி வைத்திருக்கிறீர்கள். இதோ, அவுட்பாக்ஸ் பக்கத்தில் 4 என்று போட்டிருக்கிறது பாருங்கள்.

அண்ணாச்சி: நாலா? (குரல் இறங்குகிறது.) நாலுமா இருக்கிறது?

தம்பி: ஒரு கொட்டேஷன்தானே அனுப்பினேன் என்றீர்கள்?

அண்ணாச்சி: செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் அனுப்பினேன். போன வருஷம் 47-க்கு அடித்துக் கொடுத்தோம். வேறு பிரஸ்ஸுக்குப் போய்விடுவாரோ என்று ஒரு ரூபாய் குறைத்து 46 போட்டேன். சாயங்காலம் வரை பதில் இல்லை. பேரம் பேசுகிற ஆள் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு இருப்பான், எனக்குத் தெரியாதா? புதன்கிழமை காலையில் 43 என்று இன்னொன்று போட்டேன்.

தம்பி: அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை.

அண்ணாச்சி: அசையவே இல்லை! கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் 39-க்கு இறங்கினேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை.

தம்பி: அண்ணாச்சி, அந்த மனிதருக்கு ஒரு மெயில்கூடப் போகவில்லை. இரண்டு நாளாக நீங்களே விலை சொல்லி, நீங்களே முறைத்து, நீங்களே குறைத்திருக்கிறீர்கள்.

அண்ணாச்சி: (சற்று யோசித்து) எதிரில் ஆளே இல்லாமல் ஏழு ரூபாய் இறங்கியிருக்கிறேனா? ஐயாயிரம் காலண்டருக்கு முப்பத்தையாயிரம்! என் அப்பா கேட்டிருந்தால் கடையை மூடச் சொல்லியிருப்பார்.

தம்பி: நாலாவது மெயில் என்ன? சப்ஜெக்டில் 'இறுதி' என்று மட்டும் இருக்கிறது.

அண்ணாச்சி: அதை நீ படிக்க வேண்டாம்.

தம்பி: "உங்கள் கடைக்குக் காலண்டர் அடித்துத்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்கிற நிலைமை இல்லை..." அண்ணாச்சி! சி.சி.யில் ஆடிட்டர் எதற்கு?

அண்ணாச்சி: சாட்சிக்கு.

தம்பி: நல்லவேளை. மோடத்தோடு நிற்காமல் அந்தப் பொத்தானையும் இன்னொரு தடவை அழுத்தியிருந்தால் நாலும் வரிசையாகப் போயிருக்கும். முதலில் 46, அப்புறம் 43, அப்புறம் 39, கடைசியில் திட்டு. வாங்குகிறவர் என்ன நினைப்பார்?

அண்ணாச்சி: உடனே அழி. ஆஃப்லைனிலேயே அழிக்க முடியுமா?

தம்பி: ஆஃப்லைனில்தான் நிம்மதியாக அழிக்கலாம். ஆன்லைனில் இருந்தால் நாம் தொடுவதற்குள் கிளம்பிவிடும். இதோ திட்டு போயிற்று. 39 போயிற்று. 43 போயிற்று. மிச்சம் 46 மட்டும்.

அண்ணாச்சி: கொஞ்சம் இரு, அதையாவது சரியாக எழுதினேனா பார்க்கிறேன். (மவுஸைப் பிடுங்கி மெயிலைத் திறக்கிறார். உதடு அசைய முழுக்கப் படித்துவிட்டு மூடுகிறார்.) அருமையாக எழுதியிருக்கிறேன். இப்போது போடு ஆன்லைன்.

(தம்பி பொத்தானை அழுத்துகிறான். சிவப்பு வட்டம் மறைகிறது. டிங், டிங் என்று மெயில்கள் வந்து விழுகின்றன.)

அண்ணாச்சி: ஆகா! ஆனால் அவுட்பாக்ஸில் இன்னும் அந்த ஒன்று அப்படியே உட்கார்ந்திருக்கிறதே?

தம்பி: நீங்கள் திறந்து பார்த்தீர்கள் இல்லையா, அதனால்தான். அனுப்பக் காத்திருக்கிற மெயில் சாய்ந்த எழுத்தில் இருக்கும். திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினால் எழுத்து நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த மெயில் போகாது. மறுபடி திறந்து 'செண்ட்' கொடுக்க வேண்டும்.

அண்ணாச்சி: படித்துப் பார்த்தது ஒரு குற்றமா? அச்சாபீஸில் புரூஃப் பார்க்காமல் எதை அனுப்புவது?

தம்பி: அவசரப்பட வேண்டாம், இதைப் பாருங்கள். தஞ்சாவூர்க்காரர் நேற்றே மெயில் போட்டிருக்கிறார். "பேப்பர் விலை ஏறியிருப்பது தெரியும். போன வருடத்து 47-க்கு மேல் ஒரு ரூபாய் சேர்த்துக்கொள்ளுங்கள். கொட்டேஷன் கைக்கு வந்தால் இன்றே அட்வான்ஸ் போடுகிறோம்."

அண்ணாச்சி: 48! (நாற்காலியில் சாய்கிறார்.) நான் திறந்து பார்த்ததால்தான் 46 போகவில்லை. தெரிந்துகொள் தம்பி, இதற்குப் பெயர்தான் அனுபவம்.

தம்பி: சரி அண்ணாச்சி. 46-ஐ 48 ஆக்கி 'செண்ட்' கொடுத்தாயிற்று. எழுத்து சாய்ந்தது, போயிற்று, 'செண்ட் ஐட்டம்ஸ்'-இல் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே போயிருக்கிறது. மிச்சத்தைப் பாருங்கள், பேப்பர்காரரிடமிருந்து மட்டும் ஐந்து மெயில்.

அண்ணாச்சி: இரண்டு நாளாக அவர் மெயில் இல்லையே, மனிதர் திருந்திவிட்டார் என்று சந்தோஷமாக இருந்தேனே! என்ன எழுதியிருக்கிறார்? (மவுஸை நகர்த்தித் திறக்கிறார்.) பழைய பாக்கி... வட்டி... இதென்ன, ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்கிறது. 'யெஸ்' கொடுத்துவிட்டேன்.

தம்பி: ஐயோ! அது ரீட் ரிசீட். நீங்கள் மெயிலைப் படித்துவிட்டதாக அவருக்குத் தகவல் அனுப்பலாமா என்று கேட்டது.

அண்ணாச்சி: அவுட்பாக்ஸுக்குப் போ. சீக்கிரம் அழி!

தம்பி: அங்கே ஒன்றும் இல்லை அண்ணாச்சி, போய்விட்டது. இப்போதுதான் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதே!

(மேஜைமேல் அண்ணாச்சியின் செல்போன் அடிக்கிறது.)